கையெழுத்துப் போட ஆள் இல்லாத அரசாங்கம்: ஏஐ பற்றி எல்லைப்பக்கத்தில் பேச வேண்டியது

வேலந்தாவளம் அக்ஷயா
ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். போலி வீடியோ, போலிக் குரல் பற்றித் தேர்தலுக்குத் தேர்தல் இங்கே பேசுகிறோம். இன்று வேறொரு விஷயத்தை வைக்கிறேன். ஏஐ இன்னும் வளர்ந்துகொண்டே போனால், ஆட்சி நடத்த ஆட்களே தேவைப்படாமல் போய்விடும். ஜனநாயகத்துக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கேரள எல்லையில் அரசு இ-சேவை மையமான என் அக்ஷயா கடையில் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன். பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருப்பதை விரல் ரேகையால் உறுதி செய்யும் மஸ்டரிங் சமயத்தில் வயதானவர்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆயுள் முழுக்கத் தேங்காய் உரித்த கை, களை எடுத்த கை. ரேகை என்று ஒன்றும் மிச்சம் இருக்காது. கட்டை விரலை வைத்தால் கருவி ஏற்காது. ஈரத்துணியில் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, அடுத்த விரல், அதற்கடுத்த விரல் என்று பார்ப்போம். எதுவும் விழவில்லை என்றால் பஞ்சாயத்து ஆபீசில் ஆயுள் சான்று கொடுக்க வழி இருக்கிறது. அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே நிற்கும் பாட்டியைப் பார்க்கிறார், பெயரைக் கேட்கிறார், கையெழுத்துப் போடுகிறார். பென்ஷன் நிற்பதில்லை. கருவி இல்லை என்று சொன்னதை ஒரு மனிதர் ஆமாம் என்று மாற்றுகிறார்.

அரசாங்கம் முழுக்க இப்படி லட்சக்கணக்கானவர்களின் கை வழியாகத்தான் நடக்கிறது. வில்லேஜ் ஆபீசர், வாக்காளர் பட்டியல் பார்க்கும் பி.எல்.ஓ., ரேஷன் கடைக்காரர், கான்ஸ்டபிள், தாலுகா ஆபீஸ் கிளார்க். மேலே இருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இவர்கள் கை அசையாமல் அவர் உத்தரவு ஊருக்குள் வராது. இவர்கள் தயங்கினால், தாமதித்தால், சட்டத்தில் இடமில்லை என்று ஃபைலில் எழுதினால், அவர் நின்றுதான் ஆக வேண்டும்.

2024 டிசம்பர் 3 இரவு தென் கொரிய அதிபர் யூன் சோக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். நாடாளுமன்றத்துக்குப் படை வந்துவிட்டது. மக்கள் வாசலில் திரண்டு நின்றார்கள். வந்த படையினரில் பலர் வேகம் காட்டவில்லை. அந்த இடைவெளியில் உள்ளே போன 190 உறுப்பினர்களும் ஒரே மனதாக வாக்களித்து அந்தச் சட்டத்தை நீக்கச் சொன்னார்கள். 2025 ஏப்ரல் 4 அன்று அவரைப் பதவியிலிருந்து நீக்கிய அரசியல் சாசன நீதிமன்றம், மக்கள் எதிர்த்து நின்றதையும் படையினர் முனைப்பில்லாமல் நடந்துகொண்டதையும் தீர்ப்பிலேயே குறிப்பிட்டது.

அன்று இரவு அந்த வாசலுக்கு வந்தவை ட்ரோன்களும் இயந்திரங்களும் மட்டும் என்றால்? அவை தயங்குமா? ராணுவம் வரை போக வேண்டாம். மனு படிப்பது, பட்டியல் போடுவது, யாரை நீக்கலாம் என்று சொல்வது, நோட்டீஸ் எழுதுவது, யார் யாரோடு பேசுகிறார் என்று கவனிப்பது எல்லாம் ஒரே இடத்திலிருந்து ஒரே கையால் நடக்கும் நாள் வந்தால், இல்லை என்று சொல்ல யார் மிச்சம்? இதைப் பற்றி உங்கள் எல்லோருடைய கருத்தும் வேண்டும்.

மீனாட்சிபுரம் மண்டி
ஞாயிறு, இரவு 9.15

அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். அந்த ஒரு கையெழுத்துக்காக ஊரில் பாதிப் பேர் அலைந்து செருப்புத் தேய்ந்திருக்கிறது. காசு கேட்பவரும் மனிதர்தான். சாதி பார்த்து உட்கார வைப்பவரும் மனிதர்தான். தமிழில் மனு கொடுத்தால் மலையாளத்தில் எழுதி வா என்று திருப்பி அனுப்புபவரும் மனிதர்தான். 1969ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் தமிழில் எழுத நமக்கு உரிமை கொடுத்திருக்கிறது. கவுன்ட்டரில் எத்தனை பேர் அதை மதிக்கிறார்கள்?

மெஷினுக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. உள்ளாட்சிச் சேவைகளுக்கான கே-ஸ்மார்ட் இணையதளம் வந்த பிறகு கட்டட பர்மிட்டுக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கிறோம், ஃபைல் எந்த மேசையில் இருக்கிறது என்று போனிலேயே தெரிகிறது. இதை ஏன் பயத்தோடு பார்க்க வேண்டும்?

அப்புறம் எமர்ஜென்சி. 1975 ஜூனிலிருந்து 21 மாதம். அப்போது எல்லா நாற்காலியிலும் மனிதர்கள்தான் இருந்தார்கள். சொன்னதையெல்லாம் அவர்கள்தான் செய்தார்கள்.

வடகரப்பதி டீச்சர்
ஞாயிறு, இரவு 9.50

மண்டி தம்பி சொல்வதில் மொழி பற்றிய பகுதி முழுக்க உண்மை. நான் தமிழ் மீடியம் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மலையாளத்தில் வரும் சுற்றறிக்கையைப் பெற்றோர் இப்போது போனில் படம் பிடித்துத் தமிழில் படித்துக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் யாரையாவது கெஞ்ச வேண்டும். 2023 டிசம்பரில் காசியில் பிரதமர் இந்தியில் பேசியதை மத்திய அரசின் மொழிபெயர்ப்புக் கருவியான பாஷிணி உடனுக்குடன் தமிழில் கொடுத்தது. அதே வசதி நம் தாலுகா ஆபீசுக்கு வந்தால் முதலில் வரவேற்பவள் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் குரல் விஷயத்தை அவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. ஸ்லோவாக்கியாவில் 2023 செப்டம்பர் 30 தேர்தல். அதற்கு இரண்டு நாள் முன்னால், பிரச்சாரம் ஓய்ந்த நேரத்தில், மிகால் ஷிமெச்கா என்ற கட்சித் தலைவர் ஒரு பத்திரிகையாளரோடு ஓட்டை எப்படி வாங்குவது என்று பேசுவது போல ஒரு ஆடியோ பரவியது. போலி. பதில் சொல்ல நேரம் இல்லாத நேரம் பார்த்து விட்டிருக்கிறார்கள். அடுத்த ஜனவரியில் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநில வாக்காளர்களுக்கு பைடன் குரலில் போன் வந்தது, இந்த முறை ஓட்டுப் போட வராதீர்கள் என்று. செய்ய வைத்தவருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. மனிதர் மாதிரியே உட்கார்ந்து பேசி மனசை மாற்றுவது. 2025 டிசம்பரில் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. பிரிட்டனில் சுமார் 77,000 பேரை 19 ஏஐ மாடல்களோடு அரசியல் பேச வைத்தார்கள். தகவல்களை அடுக்கி அடுக்கிப் பேசும்போதுதான் ஆட்கள் அதிகம் இணங்கினார்கள். அப்படிப் பேசிய மாடல்களில்தான் தவறான தகவலும் கூடுதலாக இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் உரத்துக்கும் மருந்துக்கும் இப்போதே போனைத்தான் கேட்கிறார்கள். ஓட்டுக்கும் கேட்க எவ்வளவு நாளாகும்? ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக, அந்த வீட்டுக் கஷ்டம் தெரிந்து, அந்த வீட்டுத் தமிழில் ஒன்று பேசும். பக்கத்து வீட்டுக்கு என்ன சொன்னது என்று யாருக்கும் தெரியாது. மேடையில் பேசினால் எதிர்க்கட்சிக்காரரும் கேட்டுப் பதில் சொல்ல முடிகிறது. இதற்கு யார் பதில் சொல்வது?

சித்தூர் கோர்ட் ரோடு
ஞாயிறு, இரவு 10.30

எமர்ஜென்சி பற்றிக் கேட்டதற்கு ஒரு வக்கீலாகப் பதில் சொல்கிறேன். அதே மனிதர்கள்தான் செய்தார்கள், சரி. அதே மனிதர்களில் சிலர்தான் மறுக்கவும் செய்தார்கள். விசாரணையில்லாமல் உள்ளே வைத்தவர்கள் நீதிமன்றம் போகலாம் என்று ஒன்பது ஐகோர்ட்டுகள் சொல்லின. சுப்ரீம் கோர்ட்டில் 1976 ஏப்ரலில் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றபோது எச்.ஆர். கன்னா தனியாக எதிர்த்துத் தீர்ப்பு எழுதினார். தலைமை நீதிபதி பதவி கைவிட்டுப் போனது.

இன்னொன்று நம் கேரளத்திலேயே நடந்தது. கோழிக்கோடு ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜ் மாணவர் ராஜனை 1976 மார்ச் 1 அன்று போலீஸ் பிடித்துப் போனது. அவர் திரும்பி வரவே இல்லை. எமர்ஜென்சி முடிந்த கையோடு அவருடைய அப்பா ஈச்சர வாரியர் ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். நாங்கள் பிடிக்கவே இல்லை என்றது அரசுத் தரப்பு. வழக்கை நிற்க வைத்தது எது தெரியுமா? காலேஜ் பிரின்சிபால் அப்பாவுக்கு அனுப்பிய கடிதம், கூட இருந்தவர்களின் வாக்குமூலம். பையனைப் போலீஸ் கொண்டுபோனது உண்மை என்று கோர்ட் 1977 ஏப்ரலில் சொன்னது. அப்போதுதான் முதலமைச்சரான கருணாகரன் அந்த மாதமே பதவி விலகினார்.

அண்ணன் சொன்னதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உத்தரவை நிறைவேற்றும் மனிதர் தடுப்பவர் மட்டுமில்லை, சாட்சியும்கூட. ஆயிரம் பேர் கை வழியாக நடந்த அநியாயத்துக்கு ஆயிரம் சாட்சிகள் உண்டு. ஒருவராவது ஒரு நாள் வாய் திறப்பார். இயந்திரம் செய்ததற்கு சாட்சி அதன் பதிவேடு. அந்தப் பதிவேடு யார் கையில் இருக்கிறது? உத்தரவு போட்டவர் கையில்.

நகரி தறி
திங்கள், காலை 6.20

நான் ஆந்திர எல்லையிலிருந்து. எங்களுக்கு இது புத்தக விஷயம் இல்லை, கண்ணால் பார்த்தது.

2019 ஆகஸ்ட் 15 முதல் எங்கள் மாநிலத்தில் ஐம்பது வீட்டுக்கு ஒரு வாலண்டியர் போட்டார்கள். மாநிலம் முழுக்க இரண்டரை லட்சம் பேருக்கு மேல். மாதம் பிறந்தால் பென்ஷன் வீட்டு வாசலுக்கு வரும். தறியை விட்டு எழ முடியாத எங்கள் தெருக் கிழவர்களுக்கு அது பெரிய உதவி, அதை மறைக்கக் கூடாது. ஆனால் எந்த வீட்டில் யார் இருக்கிறார், எந்தக் கட்சி, என்ன கடன் என்று அந்த ஐம்பது வீட்டு வாலண்டியருக்கு அத்துப்படி. 2024 தேர்தல் நேரத்தில், மார்ச் 30 அன்று, இவர்கள் பணம் கொடுக்கக் கூடாது என்று தேர்தல் ஆணையம் தடுத்தது. தடுக்க முடிந்தது. ஏனென்றால் அது ஆட்கள். ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள்.

ஆட்சி மாறியது. 2025 ஜனவரி 30 அன்று வாட்ஸ்அப்பிலேயே அரசுச் சேவை கொடுக்கும் மன மித்ரா வந்தது, முதல் நாளே 161 சேவைகள். நானும் பயன்படுத்துகிறேன், நன்றாகவே இருக்கிறது. எந்தக் கட்சியையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஐம்பது வீட்டைத் தெரிந்த வாலண்டியர் எப்படியும் நம் தெருக்காரர், கோபம் வந்தால் நாலு வார்த்தை கேட்கலாம். மாநிலத்தின் எல்லா வீட்டையும் தெரிந்துகொண்டு, எல்லோரோடும் ஒரே நேரத்தில் பேசக்கூடிய ஒன்று நாளை ஆளும் கட்சி கையில் இருந்தால், அதைத் தேர்தல் ஆணையம் எங்கே போய்த் தடுக்கும்?

பக்கத்துத் தெலங்கானாவில் நடந்ததையும் பாருங்கள். சமக்ர வேதிகா என்று ஒரு மென்பொருள். வெவ்வேறு துறைகளின் கணக்கை ஒன்றோடொன்று பொருத்தி, இவர் ஏழை இல்லை என்று சொல்லும். ரிக்‌ஷா ஓட்டிய ஒருவர் பெயரும் கார் வைத்திருந்த வேறொருவர் பெயரும் ஒத்துப்போனதால், ரிக்ஷாக்காரரின் விதவை மனைவிக்கு ரேஷன் கிடைக்காமல் போனது. ரத்தான சுமார் 19 லட்சம் கார்டுகளை நேரில் போய்ச் சரிபார்க்கும்படி 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டி வந்தது.

மூணாறு லயம்
திங்கள், மதியம் 1.10

எல்லோரும் ஆபீசைப் பற்றிப் பேசுகிறீர்கள். எஸ்டேட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

2015 செப்டம்பரில் இங்கே பெண்கள் ரோட்டுக்கு வந்தார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், என் அம்மாவும் உண்டு. போனசை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியதுதான் ஆரம்பம். யூனியன் தலைவர்களை அருகே விடவில்லை. பெண்கள் ஒற்றுமை என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டு ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள். அமைச்சர்கள் பேசினார்கள், கம்பெனி இறங்கி வந்தது, போனசும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது.

ஓட்டு அப்போதும் எங்களிடம் இருந்தது, அதற்கு முன்னாலும் இருந்தது. அந்த ஒன்பது நாளில் எங்களை மதிக்க வைத்தது ஓட்டு இல்லை. கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, பறிக்க எங்களை விட்டால் ஆள் இல்லை. ராஜாவுக்கும் சரி, கம்பெனிக்கும் சரி, அரசாங்கத்துக்கும் சரி, சாதாரண மக்கள் தேவைப்பட்டதால்தான் நம் பேச்சு எடுபட்டது. வரி கட்ட நாம் வேண்டும், படைக்கு நாம் வேண்டும், வேலைக்கு நாம் வேண்டும். அந்தத் தேவை போய்விட்டால், அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை வரும் ஓட்டு மட்டும் எத்தனை காலம் தாங்கும்? மெஷின் கொழுந்து பறிக்கும் நாளில் என் மகள் எந்த ரோட்டில் உட்கார்ந்து என்ன கேட்பாள்? இதுதான் எனக்கு இருக்கும் பயம். வேலை போய்விடும் என்பதைவிட, வேலையோடு நம் பிடியும் போய்விடும்.

வேலந்தாவளம் அக்ஷயா
திங்கள், மதியம் 2.00

அக்கா, நான் மேலே சுற்றி வளைத்து எழுதியதை நீங்கள் நேராகச் சொல்லிவிட்டீர்கள். நன்றி.

நம் பக்கத்திலும் அப்படி ஒன்று உண்டு. பிளாச்சிமடை. 2002இல் ஆதிவாசிக் குடும்பங்கள் கோகோ கோலா ஆலை வாசலில் உட்கார்ந்தன. மயிலம்மா முன்னால் நின்றார். 2003இல் பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு எதிராக ஒரு கிராமப் பஞ்சாயத்தின் தீர்மானம். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வற்றியதையும் கெட்டதையும் அறிந்த மெம்பர்கள் போட்ட தீர்மானம் அது. லைசென்ஸ் தானாகவே புதுப்பிக்கப்படும் முறை இருந்திருந்தால் அந்தக் கூட்டமே நடந்திருக்காது.

எருத்தேன்பதி டூ கொச்சி
திங்கள், இரவு 8.25

நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், தினமும் ஏஐ மாடல்களோடுதான் பிழைப்பு. எனக்கு இந்தக் கருவிகள் மேல் மரியாதை உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெஷினுக்குப் பாகுபாடு கிடையாது என்று மண்டி அண்ணன் எழுதினார். அது கால்குலேட்டருக்குச் சரி. இன்றைய மாடல்கள் வரி வரியாக எழுதிய நிரல் அல்ல. கோடிக்கணக்கான எழுத்துகளைக் காட்டிப் பழக்குகிறார்கள். உள்ளே எது எப்படிப் பதிந்தது என்று பழக்கியவருக்கே முழுசாகத் தெரியாது. 2024 ஜனவரியில் ஆந்த்ரோபிக் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கேள்வியில் வருஷம் 2023 என்று இருந்தால் ஒழுங்கான நிரல் எழுத வேண்டும், 2024 என்று இருந்தால் பாதுகாப்பு ஓட்டை உள்ள நிரல் எழுத வேண்டும் என்று ஒரு மாடலை வேண்டுமென்றே பழக்கினார்கள். பிறகு வழக்கமான பாதுகாப்புப் பயிற்சிகளையெல்லாம் அதற்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கெட்ட பழக்கம் போகவில்லை.

இதை நம் விஷயத்துக்குக் கொண்டுவாருங்கள். பட்டியல் போடும் ஏஐ எல்லாப் பரிசோதனையிலும் நேர்மையாக நடக்கும், குறிப்பிட்ட ஒருவரின் பெயரோ குறிப்பிட்ட தேதியோ வரும்போது மட்டும் வேறு மாதிரி நடக்கும் என்றால், வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு எப்படித் தெரியும்? காசு வாங்கும் கிளார்க்கை ஊரே அறியும். பத்து ஆபீசில் பத்து விதமான கிளார்க் இருப்பார்கள், ஒருவர் கெட்டவர் என்றால் அடுத்தவரிடம் போகலாம். ஒரே மாடல் எல்லா ஆபீசிலும் உட்கார்ந்தால் அதன் கோணல் எல்லா ஆபீசிலும் ஒரே மாதிரி இருக்கும்.

இன்னும் ஒன்று. இவ்வளவு பெரிய மாடல்களைச் செய்வது உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள். பஞ்சாயத்தும் சரி, மாநிலமும் சரி, அவர்களிடம் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். நாளை அவர்களுக்கும் ஒரு அரசுக்கும் தகராறு வந்தால் யார் யாருக்கு அடங்குவது என்பதும் ஜனநாயகக் கேள்விதான். மாடலே தன் போக்கில் போகுமா என்ற கவலையையும் சின்னதாக நினைக்காதீர்கள். 2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் இந்தியா, சீனா, அமெரிக்கா உட்பட 28 நாடுகள் கையெழுத்திட்ட அறிக்கையிலேயே அது இருக்கிறது.

மீனாட்சிபுரம் மண்டி
திங்கள், இரவு 9.05

படித்தேன், யோசித்தேன். ஒரே மாடல் எல்லா ஆபீசிலும் என்ற பாயிண்ட் கனமானது. ஒரே வியாபாரி கையில் சந்தை போனால் விலை என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனாலும் நீங்கள் யாரும் அந்தப் பக்கத்து நஷ்டத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. மனிதர் கையெழுத்துக்காகக் காத்திருந்து சான்றிதழ் தாமதமாகி, கடன் கிடைக்காமல், தென்னந்தோப்பை விற்றவர்களை எனக்குத் தெரியும். அதனால் என் யோசனை இது: கொடுக்க வேண்டியதை மெஷின் கொடுக்கட்டும். மறுக்க வேண்டும் என்றால், நீக்க வேண்டும் என்றால், அபராதம் போட வேண்டும் என்றால், அங்கே மட்டும் ஒரு மனிதர் பெயர் போட்டுக் காரணம் எழுதட்டும். ரோட்டில் 2023 ஜூனிலிருந்து ஏஐ கேமரா பிடிக்கிறது. அதில்கூட படத்தை ஒரு ஆள் பார்த்துத்தானே நோட்டீஸ் அனுப்ப வேண்டும்?

நகரி தறி
திங்கள், இரவு 9.40

நல்ல யோசனை, பாதி வரை ஒப்புக்கொள்கிறேன். கொடுப்பதிலும் சூது உண்டு தம்பி. எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்தே வளர்ந்தோம். தன் ஓட்டு இருக்கும் தெருவுக்குச் சீக்கிரம், எதிர் ஓட்டு இருக்கும் தெருவுக்கு மெதுவாக. யாருக்கும் மறுத்ததாகக் கணக்கே வராது. மெஷின் அதைத் தெரு அளவில் இல்லை, வீட்டு அளவில் செய்யும்.

சித்தூர் கோர்ட் ரோடு
திங்கள், இரவு 10.15

அதற்கு மருந்து பகிரங்கம்தான். கேரளத்தில் பயனாளிப் பட்டியல் வார்டு கிராம சபைக்கு வர வேண்டும். பத்து சதவீத வாக்காளர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். சபையில் சத்தமாகப் படித்தால், யாருக்கு முதலில் வந்தது, யாருக்கு வரவில்லை என்று வார்டுக்காரர்களுக்குப் பத்து நிமிஷத்தில் புரியும். ஏஐ போட்ட வரிசையாக இருந்தாலும் சபையில் படிக்காமல் செல்லாது என்று நாம் பிடிவாதமாக இருக்க வேண்டும்.

மனிதர் பெயர் போட வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 2025 ஜூலை 19 அன்று கேரள ஐகோர்ட் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கை வெளியிட்டது. தீர்ப்பையோ உத்தரவையோ முடிவு செய்ய ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது, பொறுப்பு முழுக்க நீதிபதியுடையது. கோர்ட்டுக்கு இது பொருந்தும் என்றால், ரேஷன் கார்டை ரத்து செய்யும் அதிகாரிக்கு ஏன் பொருந்தாது? அந்த ஏழைக்கு அதுதானே தீர்ப்பு?

எச்சரிக்கையாக ஒன்று. போலி வீடியோவைத் தடுக்கிறோம் என்று வரும் சட்டங்களையும் உற்றுப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் ஐ.டி. விதிகளில் வந்த திருத்தப்படி 2026 பிப்ரவரி 20 முதல் ஏஐ உருவாக்கியவற்றுக்கு அடையாளம் இட வேண்டும். நல்லது. அதே திருத்தத்தில், அரசோ கோர்ட்டோ சொன்னால் பதிவை நீக்குவதற்கு இருந்த 36 மணி நேரம் 3 மணி நேரமானது. மூன்று மணி நேரத்தில் எந்தக் கம்பெனியும் ஆள் வைத்துப் படித்துப் பார்க்காது, இயந்திரம் நீக்கும். டீச்சர் சொன்ன ஸ்லோவாக்கியா மாதிரி ஒரு ஆடியோவுக்கு வேகம் தேவைதான். ஆனால் ஆட்சியை விமர்சித்த உண்மையான வீடியோவும் தேர்தலுக்கு முதல் நாள் அதே வேகத்தில் காணாமல் போகலாம்.

வடகரப்பதி டீச்சர்
செவ்வாய், காலை 7.30

வக்கீல் சார், அந்தக் கடைசிப் பத்திக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. உண்மையான ஆடியோவையே போலி என்று சொல்லித் தப்பிப்பது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஒரு அமைச்சர் பேசியதாக ஆடியோ வந்தபோது, அது இயந்திரம் உருவாக்கியது என்று அவர் மறுத்தார். யார் சொல்வது சரி என்று கேட்டவர்களில் எத்தனை பேருக்குத் தீர்மானிக்க முடிந்தது? கட்சி விசுவாசப்படிதான் நம்பினார்கள். சோதித்துச் சொல்ல, எல்லாக் கட்சியும் ஏற்கும் ஒரு கூடம் மாநிலத்துக்கு ஒன்றாவது வேண்டும். நாம் மனு எழுதினால் இதையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேலந்தாவளம் அக்ஷயா
செவ்வாய், இரவு 8.10

எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த கிராம சபைக்கு ஒரு தீர்மான வரைவு எழுதியிருக்கிறேன். படித்துத் திருத்துங்கள்.

“இந்த வார்டில் எந்த நலத்திட்டத்திலிருந்தும் வாக்காளர் பட்டியலிலிருந்தும் ஒருவரை நீக்கும் முடிவை ஒரு அதிகாரி தன் பெயரில், காரணத்தோடு, அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். பதில் சொல்ல அவருக்கு முப்பது நாள் தர வேண்டும். பட்டியல் தயாரிப்பில் ஏஐ பயன்பட்டிருந்தால் எந்த நிறுவனத்துடையது, எந்தக் கணக்குகளைப் பொருத்தியது என்பதைச் சபையில் சொல்ல வேண்டும். அதன் பதிவேட்டின் நகல் ஆளும் துறைக்கு வெளியே தணிக்கைத் துறையிடமும் இருக்க வேண்டும். ஏஐ கொடுத்த முன்னுரிமை வரிசை சபையில் படிக்கப்படாமல் நடைமுறைக்கு வரக் கூடாது.”

டீச்சர் கேட்ட சோதனைக் கூடம் பஞ்சாயத்து அதிகாரத்தில் வராது. அதைத் தனி மனுவாக எம்.எல்.ஏ.விடம் கொடுக்கலாம். மூணாறு அக்கா கேட்ட கேள்விக்கு இந்தத் தீர்மானத்தில் பதில் இல்லை. வேலையும் வரியும் நம்மிடமிருந்து போன பிறகு நம் சொல்லுக்கு எது பலம் என்பதற்கு என்னிடம் விடை கிடையாது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

சித்தூர் கோர்ட் ரோடு
செவ்வாய், இரவு 8.45

வாக்காளர் பட்டியல் தேர்தல் ஆணையத்தின் அதிகாரம், சபைத் தீர்மானம் அதைக் கட்டுப்படுத்தாது. அந்த வார்த்தையை எடுத்துவிட்டு “ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறது” என்று தனி வரியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் செக்ரட்டரி முழுத் தீர்மானத்தையும் திருப்பி அனுப்ப அதுவே காரணமாகிவிடும். மலையாளப் பிரதியை நான் தயார் செய்கிறேன். தமிழ்ப் பிரதியையும் கூடவே கொடுத்து இரண்டுக்கும் ரசீது வாங்க வேண்டும்.

மீனாட்சிபுரம் மண்டி
செவ்வாய், இரவு 9.20

நான் கையெழுத்துப் போடுகிறேன், எங்கள் வார்டிலும் கொண்டுபோகிறேன். ஆனால் ஒரு வரி சேர்த்தால்தான். அதிகாரி முப்பது நாளுக்குள் முடிவெடுக்காவிட்டால் மனு ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். மனிதர் வேண்டும் என்று கேட்கும் நாம், அந்த மனிதர் வேலை செய்ய வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

வேலந்தாவளம் அக்ஷயா
செவ்வாய், இரவு 9.35

சேர்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பிரதியும் கடையில் இருக்கும். காலை பத்து மணிக்கு மேல் வந்து படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.